பிடியரிசியும் வானொலியும்

மழைக்காலத்தில் மூணாறு மலைகளில் முதலில் நின்றுபோவது மின்சாரம். அடுத்தது தொலைபேசி. மண் சரிந்தால் சாலையும் போய்விடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை இடிந்து லயங்களின் மேல் விழுந்தபோது அங்கே மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. நடந்த கொடுமை வெளியுலகுக்குத் தெரிந்தது மறுநாள் காலையில்தான். 70 உயிர்கள் போயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களது குழந்தைகளும்.

அன்று வானொலி ஒன்று பேசியிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது பொறுப்பான பேச்சாகாது. மலை சொல்லிவிட்டுச் சரிவதில்லை. ஆனால் கம்பியும் கோபுரமும் செயலற்றுப் போகும் நேரத்தில், இரண்டு பேட்டரியில் ஓடும் சிறிய ரேடியோ பெட்டி ஒன்றுதான் லயத்துக்குள் மனிதக் குரலைக் கொண்டுவரக்கூடியது. அந்தக் குரல் கேட்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதைக் கூறத் தேவையில்லை. மழை எவ்வளவு, எந்த ஓடை பெருகுகிறது, எந்தப் பள்ளியில் முகாம் திறந்திருக்கிறது என்ற செய்தி தமிழில் வந்தால்தான் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் உள்ள பாட்டிமார் வரை அது எட்டும்.

பொது ஒலிபரப்புக்குப் பணம் குறைந்துவரும் இக்காலத்தில், கேட்பவர்களே அதைத் தாங்க வேண்டுமா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்திருக்கிறது. எல்லைப்புறத் தமிழர்களைப் பொறுத்தவரை இது வெறும் வாதப் பொருள் அல்ல. அவர்களுடைய மொழியும், சில வேளைகளில் உயிரும் இதில் அடங்கியிருக்கின்றன.

கேரளத் தமிழர்களின் வானொலி பெரும்பாலும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்ததேயாகும். சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் கணவாய் வழியே காற்று வருவதைப் போலக் கோவை நிலையத்தின் ஒலியும் வந்தது. இடுக்கி மலைகளில் கோடைக்கானல் பண்பலை வீட்டுக்கு வீடு ஒலித்தது. அதற்கு முந்திய தலைமுறை இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தது. தேவிகுளத்திலேயே ஆகாசவாணிக்கு ஒரு நிலையம் இருக்கிறது. ஆயினும் மலைநாட்டுக்கு இயற்கை வைத்த ஒரு தடை உண்டு. மத்திய அலை நிலத்தை ஒட்டிப் பரவக்கூடியது. பண்பலையோ பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. குறுக்கே ஒரு குன்று நின்றால் அதற்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் ஒலி மங்கிவிடும். மலைமேட்டில் தெளிவாகக் கேட்கும் நிலையம், அடுத்த மடிப்பிலுள்ள லயத்தில் இரைச்சலாகிவிடுவது இதனால்தான். பக்கத்து ஊரிலிருந்து பேசும் சிறிய நிலையங்கள் இம்மலைகளுக்குத் தேவைப்படுவதும் இதனால்தான்.

வானொலிக்கு மக்கள் பணம் கொடுப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ரேடியோ வைத்திருந்தவர்கள் தபாலாபீசுக்குச் சென்று ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் செலுத்திய காலத்தை அறுபது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1985-ல் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. மக்களுக்கு ஒரு சுமை குறைந்தது உண்மை. அதே சமயம், ‘நான் கட்டணம் கொடுக்கிறேன், எனக்கு உரியதைத் தா’ என்று கேட்கும் நேரடி உரிமையும் கைநழுவியது. 1990-ல் நிறைவேறிய பிரசார் பாரதிச் சட்டம் 1997-ல் நடைமுறைக்கு வந்தது. ஆகாசவாணி தன்னாட்சி அமைப்பின் கீழ் வந்ததே தவிர, செலவுக்கு மத்திய சர்க்காரின் கையை எதிர்பார்க்கும் நிலை மாறவில்லை.

2023 ஜனவரியில் ஒலிபரப்புக் கட்டமைப்பை விரிவாக்கவும் புதுப்பிக்கவும் ரூ.2,539 கோடிக்கு மேற்பட்ட திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் கருவி தானாகப் பேசாது. பேச அறிவிப்பாளர் வேண்டும். ஊர் ஊராகச் சென்று ஒலிப்பதிவு செய்ய ஆள் வேண்டும். சிக்கனம் என்ற கத்திரி எங்கே முதலில் விழும் என்பது அனுபவத்தில் கண்டது. பெரிய மொழியின் பெரிய நிகழ்ச்சியை அது தொடாது. ஓரத்தில் இருக்கும் சிறுபான்மையினரின் அரைமணி நேரத்தையே தொடும். லண்டனிலிருந்து 1941-ல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பின் சிற்றலைச் சேவை 76 ஆண்டுகளுக்குப் பின் 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டதை நேயர்கள் அறிவார்கள். உலகப் புகழ் பெற்ற ‘தமிழோசை’க்கே அந்தக் கதி என்றால், எல்லையோரத்துத் தமிழ் நிகழ்ச்சிகளுக்காகப் பரிந்து பேச யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காவில் நடந்ததை இங்கே கவனிப்பது பயன் தரும். அங்கே 1967-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பொது ஒலிபரப்புக் கழகம் ஒன்று அமைக்கப்பட்டு, நாடெங்கும் உள்ள வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு அதன் வழியே பணம் பகிர்ந்தளிக்கப்பட்டு வந்தது. 2025 ஜூலையில் அந்நாட்டு காங்கிரஸ், ஏற்கெனவே ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. செய்தி கேட்ட நேயர்கள் பலர் தாங்களாகவே முன்வந்து நன்கொடை அனுப்பினார்கள். 1949 முதலே கலிபோர்னியாவில் பெர்க்லி நகரின் கே.பி.எப்.ஏ. நிலையம் நேயர்களின் சந்தாவை நம்பி நடந்துவந்திருக்கிறது. ஆகவே அமெரிக்கர்களுக்கு அந்தப் பழக்கம் புதிதன்று.

இதில் ஒரு பாதி மகிழ்ச்சிக்குரியது. மறு பாதி எச்சரிக்கை. வசதி படைத்த நகரத்து நிலையங்களுக்கு நன்கொடையாளர் கிடைப்பார்கள். மலைக் கிராமங்களிலும், அலாஸ்கா போன்ற தொலைதூரப் பகுதிகளிலும், செவ்விந்திய மக்களின் குடியிருப்புகளிலும் உள்ள சிறிய நிலையங்கள் அந்தக் கழகத்தின் பணத்தையே பெரிதும் நம்பியிருந்தன. அங்கே நன்கொடை தருவதற்குச் செல்வர்கள் குறைவு. எங்கே வானொலியின் தேவை மிகுதியோ அங்கே கொடுக்கும் கை வறியது. நன்கொடையை மட்டும் நம்பினால் நேரும் அநீதி இதுவே. மூணாற்றுக்கும் வண்டிப்பெரியாற்றுக்கும் இது அப்படியே பொருந்தும்.

தமிழ்நாட்டின் சொந்த வரலாறும் இதையே சொல்கிறது. இந்தியாவில் வானொலி என்பது முதலில் ஆர்வலர்களின் சங்கங்களாகத்தான் வளர்ந்தது. 1924-ல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி, அதே ஆண்டில் ஒலிபரப்பையும் தொடங்கியது. சர்க்கார் அப்போது ஒலிபரப்பில் இறங்கியிருக்கவில்லை. உற்சாகம் நிறைய இருந்தது. பணம்தான் இல்லை. 1927-ல் கிளப் ஓய்ந்தது. ஆனால் அதன் உழைப்பு வீண்போகவில்லை. அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. 1938-ல் அகில இந்திய வானொலி சென்னை நிலையத்தைத் திறக்கும் வரை அது நீடித்தது. தனி மனிதர்கள் தொடங்கினார்கள். நகரசபை ஏற்றது. பிறகு சர்க்கார் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. இந்த வரிசை நினைவில் வைக்கத்தக்கது.

அதே காலத்தில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பு நடத்திய தனியார் கம்பெனி, லைசென்ஸ் பணத்தின் பங்கை நம்பி 1927-ல் இறங்கியது. 1930-ல் நாடு முழுவதும் லைசென்ஸ் வைத்திருந்தோர் 8,000 பேரைக்கூட எட்டவில்லை. கம்பெனி மூடப்பட்டு சர்க்கார் அதை எடுத்து நடத்தியது. 1931 அக்டோபரில் பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி சர்க்காரும் கடையைக் கட்டப் போவதாக அறிவித்தது. மக்கள் சும்மா இருக்கவில்லை. எதிர்ப்பு வலுத்தது. அடுத்த மாதமே முடிவு திரும்பப் பெறப்பட்டது. பிறகு ரேடியோ பெட்டிகளின் இறக்குமதி வரியை உயர்த்திச் செலவை ஈடுகட்டினார்கள். எண்ணிக்கையில் சிறிய கூட்டமே ஆனாலும், கேட்பவர்கள் வாய் திறந்ததால்தான் இந்தியாவில் பொது ஒலிபரப்பு பிழைத்தது என்பதில் ஐயமில்லை.

கேரளத்தின் அனுபவம் இன்னும் நெருக்கமானது. 1945-ல் பி.என். பணிக்கர் 47 நூல்நிலையங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூரில் நூல்நிலைய சங்கத்தைத் தொடங்கினார். ஊரார் இடம் கொடுத்தார்கள், புத்தகம் கொடுத்தார்கள், உழைப்பைக் கொடுத்தார்கள். வாசகசாலை இல்லாத ஊர் கேரளத்தில் அரிது என்ற நிலை அப்படித்தான் வந்தது. சர்க்கார் மானியம் அதற்குப் பக்கபலமாயிற்று. 1989-ம் ஆண்டு நூலகச் சட்டம் அதற்கென வரி வருவாயையும் ஏற்படுத்தித் தந்தது. மக்களின் காசு சர்க்காரின் காசை விரட்டவில்லை. அதை இழுத்துவந்தது. நூல்நிலையத்துக்குப் பொருந்தியது வானொலிக்குப் பொருந்தாமல் போக நியாயமில்லை.

ஆகவே இரண்டு காரியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆகாசவாணிக்கு எல்லைத் தமிழர்கள் நன்கொடை அனுப்பத் தேவையில்லை. அதற்கான பணத்தைத் தீப்பெட்டி முதல் செல்போன் வரை வாங்கும் ஒவ்வொரு பொருளின் வரியிலும் அவர்கள் ஏற்கெனவே செலுத்திவிட்டார்கள். அங்கே கேட்க வேண்டியது உரிமை. 1969-ம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே சர்க்காருடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. ஒரு மனுவுக்குத் தமிழில் பதில் பெற உரிமை உள்ளவருக்கு, வெள்ள எச்சரிக்கையைத் தமிழில் கேட்க உரிமை இல்லையா? தேவிகுளம் நிலையத்தில் தமிழுக்கு நிலையான நேரம், மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புகள் மலையாளத்தோடு தமிழிலும் உடனுக்குடன், பாலக்காட்டின் கிழக்குப் பகுதிக்குத் தமிழ் வேளாண் நிகழ்ச்சிகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குவது மக்கள் பிரதிநிதிகளின் கடமை. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் சென்றவர்களுக்கு இதை நினைவூட்டுவது வாக்காளர்களின் கடமை.

நன்கொடைக்கு உரிய இடம் சமுதாய வானொலி. 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி தொடங்கியது. 2006 நவம்பரில் தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி வழங்க மத்திய சர்க்கார் முடிவு செய்தது. மூன்றாண்டுகளேனும் பதிவு பெற்று இயங்கிய, லாப நோக்கமற்ற அமைப்பு விண்ணப்பிக்கலாம். அரசியல் கட்சிகளுக்கு இடமில்லை. ஒலிபரப்பின் சக்தி பொதுவாக 100 வாட்டைத் தாண்டலாகாது. சில கிலோமீட்டர் சுற்றளவே எட்டும். மலைப் பள்ளத்தாக்கில் ஓர் எஸ்டேட் வட்டாரத்துக்கு அதுவே போதுமானது. சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப முடியாது, ஆகாசவாணிச் செய்தியை மட்டுமே அஞ்சல் செய்யலாம் என்பது ஒரு குறை. எனினும் வானிலை, இயற்கைச் சீற்றம், மின்சாரம், குடிநீர், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு போன்ற அறிவிப்புகளுக்குத் தடை இல்லை. மலைத் தமிழர்களுக்கு வேண்டியதும் பெரும்பாலும் இவையே. வயநாட்டில் 2009 முதல் இயங்கிவரும் ‘மாற்றொலி’ சமுதாய வானொலி மலையாளத்தோடு பழங்குடி மக்களின் மொழிகளிலும் நிகழ்ச்சி தருகிறது. கேரளத்தின் மற்றொரு மலை மாவட்டத்தில் முடிந்தது இடுக்கியில் முடியாதா?

இங்கே எழக்கூடிய ஆட்சேபங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. கொழுந்து பறித்து அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்தும் பெண்ணிடம் போய் வானொலிக்குப் பணம் கேட்பது நியாயமா என்று கேட்கலாம். அவரிடமிருந்து வற்புறுத்தி ஒரு காசு வாங்குவதும் நியாயமில்லைதான். ஆனால் ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுப்பதில் அந்தக் குடும்பம் ஒருநாளும் பின்வாங்கியதில்லை என்பதும் உண்மை. சோற்றுக்கு அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பிடியரிசி; கேரளத்தில் பிடியரி. கோயில்களும் பள்ளிக்கூடங்களும் அந்தப் பிடியில் எழுந்ததுண்டு. பிடியரிசியின் சிறப்பு அதன் அளவில் இல்லை. தினமும் விழுகிறது என்பதிலும், எல்லா வீட்டிலிருந்தும் விழுகிறது என்பதிலும் இருக்கிறது. ஆயிரம் வீடுகள் மாதம் 20 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். அதைக் கொண்டு பெரிய மாளிகை கட்ட முடியாது. ஆனால் பழுதான கருவியைச் சரிசெய்யலாம், மின்கட்டணம் கட்டலாம், உள்ளூர்ப் பெண்கள் இருவருக்கு அறிவிப்பாளர் வேலைக்கு ஓரளவு ஊதியம் தரலாம்.

பணம் கொடுப்பவன் பாட்டையும் தீர்மானிப்பானே என்ற அச்சமும் நியாயமானது. இதற்கு மருந்து, கொடுப்பவர் பலராக இருப்பதுதான். ஒரு முதலாளி ஒரு லட்சம் கொடுத்தால் நிலையம் அவருடையதாகிவிடும். ஐயாயிரம் பேர் இருபது ரூபாய் கொடுத்தால் அது ஐயாயிரம் பேருடையது. பெருந்தொகை கொடுப்போர் கொடுக்கட்டும். ஆனால் அவர்களுக்கென்று நிகழ்ச்சியில் தனி நாற்காலி போடலாகாது. தோட்ட நிர்வாகம், தொழிற்சங்கம், கோயில் கமிட்டி, சர்ச் ஆகிய எவர் கைக்குள்ளும் நிலையம் சிக்கலாகாது. நிர்வாகக் குழுவில் கொழுந்து பறிக்கும் பெண்களும், ஏலத் தோட்டத்தில் உழைப்பவர்களும், தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர்களும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை வரவு செலவை வானொலியிலேயே வாசிக்க வேண்டும். கணக்கைக் காதில் போட்டுவிட்டால் சந்தேகத்துக்கு வேலை இல்லை.

இம்மலைகளில் பிறந்து திருப்பூரிலும் கோவையிலும், கடல் கடந்தும் வேலை பார்க்கும் இளைஞர்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அப்பா அம்மா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள். மழை நாளில் போன் கிடைக்காமல் இரவெல்லாம் விழித்திருந்த அனுபவம் இவர்களில் பலருக்கு உண்டு. முதல் பிடி இவர்கள் கையிலிருந்து வருவதே முறை. பாலக்காட்டுச் சமவெளித் தமிழர்களும், வசதியுள்ள வியாபாரிகளும் மலைக்காகத் தங்கள் பங்கைச் சேர்க்க வேண்டும். அமெரிக்கச் சிறு நிலையங்கள் கற்பிக்கும் பாடத்தை மறந்துவிடலாகாது. ஏழை ஊரின் வானொலியை ஏழை ஊரே தனியாகத் தாங்க முடியாது.

சர்க்காருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மக்கள் ஒரு ரூபாய் சேர்த்தால் சர்க்கார் ஒரு ரூபாய் சேர்க்கட்டும். நூல்நிலையத்துக்கு ஏற்ற முறை வானொலிக்கும் ஏற்றதே. மக்கள் கொடுக்கிறார்களே என்று மானியத்தைக் குறைப்பார்களானால் அது உதவி செய்தவன் தலையில் அபராதம் விதிப்பதற்கு ஒப்பாகும். கேரள சர்க்காரும் மத்திய சர்க்காரும் இதை முன்கூட்டியே தெளிவுபடுத்துவது நல்லது. சமுதாய வானொலிகளுக்கு சர்க்கார் விளம்பரங்களின் தொகையைத் தாமதமின்றிக் கொடுப்பதும், உரிமம் வழங்குவதில் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்காமல் இருப்பதும் அவர்களால் உடனே செய்யக்கூடியவை.

1956-ல் மாநில எல்லைகள் வரையப்பட்டபோது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. அந்தக் கோட்டைப் பற்றிய பழைய வழக்கை இன்று யாரும் கிளற வேண்டியதில்லை. மலையாளிகளும் தமிழர்களும் ஒரே மழையில் நனைகிறார்கள், ஒரே மண்சரிவுக்கு அஞ்சுகிறார்கள். தமிழில் பேசும் வானொலி மலையாளத்துக்குப் போட்டி அல்ல. பக்கத்து வீட்டாருக்கும் விஷயம் புரிந்திருந்தால் ஆபத்தில் இரு வீட்டாருக்கும் நன்மையே.

1924-ல் சென்னையில் சிலர் தொடங்கியது மூன்றாண்டில் ஓய்ந்தாலும் அவர்கள் விட்டுச்சென்ற கருவி பேசிக்கொண்டேயிருந்தது. 1931-ல் மூடப்படவிருந்த ஒலிபரப்பை மக்கள் குரல் காத்தது. எல்லைப்புறத் தமிழர்களுக்கு இந்த இரண்டு ஆயுதங்களும் கையில் இருக்கின்றன. ஆகாசவாணியிடம் குரலை உயர்த்தட்டும். சமுதாய வானொலிக்குக் கலயத்தில் ஒரு பிடியைப் போடட்டும். அடுத்த இடவப்பாதி மழை மலையேறுவதற்கு முன் இரண்டையும் தொடங்கிவிட வேண்டும். மழை யாருக்காகவும் காத்திருப்பதில்லை.